காயிலில் கரி, கரிக்கு அடியில் சுண்ணாம்பு: ஒரு வீட்டு வாலையின் நிகழ்வு ஆய்வு

நான்காவது பாட்டிலை மூக்கருகே கொண்டுபோன அக்கா முகம் சுளித்தாள். "ரோஜா வாசம் இருக்குடா. ஆனா பின்னாலயே தீஞ்ச வாடையும் வருது."

முதல் மூன்று பாட்டில்களில் அந்த வாடை இல்லை. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் ரோஜாவைத் தேட வேண்டியிருந்தது. வீட்டு வாலையில், அதாவது நீரைக் கொதிக்கவைத்து ஆவியைக் குளிர்வித்து வடிக்கும் கருவியில், பன்னீரை ஒரே குடுவையில் பிடிக்காமல் அரை லிட்டர் அரை லிட்டராகப் பிரித்துப் பிடிப்பது என் பழக்கம். முதல் தடயத்தைக் கொடுத்தது அந்தப் பழக்கம்தான். எங்கோ எதுவோ தீய்கிறது, ஆனால் ஆரம்பத்திலிருந்தே இல்லை, பாதி வழியில்தான் தொடங்குகிறது.

ஆறவிட்டு, மிச்ச நீரை இறக்கிவிட்டு, மூடியைத் திறந்து பார்த்தேன். ஹீட்டர் காயில் முழுக்கக் கருப்பு. வெறும் நிறமாற்றம் இல்லை, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகப் பெயரும் கரி. சில இடங்களில் கரி உதிர்ந்து, அடியில் சாம்பல் கலந்த வெள்ளை தெரிந்தது. நாணயம் அளவுக்கு ஒரு செதிலைப் பெயர்த்து ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இப்போது யோசித்தால் காரணம் நினைவில்லை. ஆனால் அந்தச் செதில் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

முதலில் கருவியைப் பற்றி. 25 லிட்டர் கொள்ளும் துருப்பிடிக்காத எஃகுப் பானை, உள்விட்டம் 36 சென்டிமீட்டர். அடியிலிருந்து 4 சென்டிமீட்டர் உயரத்தில் பக்கவாட்டில் திருகிப் பொருத்திய, கொண்டை ஊசி போல வளைந்த ஒரு காயில். 230 வோல்ட்டில் 2000 வாட். மேலே மூடி, ஆவிக்குழாய், குளிர்விப்பான். இதில் இரண்டு வேலைகள் நடக்கும். வாரத்துக்கு ஒருமுறை பேட்டரிக்கும் ஈரப்பதமூட்டிக்கும் 15 லிட்டர் குழாய்நீரை ஊற்றி 9 லிட்டர் வாலைநீர் (டிஸ்டில்டு வாட்டர்) வடிப்பேன். காயில் ஒருபோதும் நீருக்கு வெளியே தெரியக் கூடாது என்பதற்காக 6 லிட்டர் மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிடுவேன். மாதத்துக்கு ஒருமுறை போல 12 லிட்டர் நீரில் ஒன்றரைக் கிலோ ரோஜா இதழைப் போட்டு 3 லிட்டர் பன்னீர் பிடிப்பேன். வாலை என்றதும் வேறு எதையாவது நினைப்பவர்களுக்கு: இங்கே வடிந்தது இந்த இரண்டும் மட்டும். எரியக்கூடிய ஆவியை வீட்டுக்குள் கையாள்வதும் அதற்கான சட்டமும் தனி விவகாரம்.

இதழை ஏன் நேராக நீரில் போட வேண்டும், தட்டில் வைத்து ஆவி காட்டினால் போதாதா என்று கேட்கலாம். பல இலைகளுக்குப் போதும். ரோஜா இதழ் ஆவி பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், ஆவி உள்ளே நுழையாது. அதனால்தான் ரோஜாவை நீரில் மிதக்கவிட்டு வடிப்பது வழக்கம். அதாவது, இதழையும் காயிலையும் ஒரே பானையில் வைக்கும் சிக்கல் ரோஜாவோடு கூடவே வருவது.

முதல் சந்தேகம்: காயில் கெட்டுவிட்டதா?

வயரிங் பார்க்கிறவரிடம் காட்டினேன். "காயில் போயிடுச்சுங்க, புதுசு போட்டுடுங்க" என்றார். கருப்பைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்து பார்த்தோம். இரண்டு முனைகளுக்கு இடையே 26 ஓம் சொச்சம். 2000 வாட் காயிலுக்குக் கணக்குப்படி வர வேண்டியதும் அதுதான்: 230-ஐ 230-ஆல் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் 26.45. மின்கசிவைச் சோதிக்கும் மெக்கரில் 500 வோல்ட் கொடுத்து உறைக்கும் கம்பிக்கும் இடையே பார்த்தபோது கசிவு இல்லை. ஓடும்போது கிளாம்ப் மீட்டர் 8.7 ஆம்பியர் காட்டியது. 12 லிட்டர் கொதிக்க எடுத்த நேரமும் பழைய நோட்டில் இருந்ததுக்கு ஒரு நிமிடம் முன்பின்.

மின்சார ரீதியாகக் காயில் நலம். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். படிவு ஏறினால் கரண்ட் பில் எகிறும் என்று பலர் சொல்வார்கள். அடியில் நெருப்பு எரியும் கொதிகலனுக்கு அது சரி, ஏனென்றால் உள்ளே போக முடியாத சூடு புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். நீருக்குள் மூழ்கியிருக்கும் காயிலில் சூடு வேறு எங்கே போகும்? காயிலின் உறைக்குள் இருக்கும் நிக்ரோம் கம்பியின் மின்தடை சூட்டோடு அதிகம் மாறாது, ஆகவே கம்பி அதே 2000 வாட்டைத் தந்துகொண்டே இருக்கும். படிவு இருந்தாலும் அத்தனையும் கடைசியில் நீருக்குள்தான் போயாக வேண்டும். சூடு போகும் வழியில் தடை அதிகமானால் அதைத் தள்ளும் விசையும் அதிகமாக வேண்டும், அதாவது காயிலின் மேற்பரப்பு அதிகமாகச் சூடாகும். பில் ஏறாது, கொதிக்கும் நேரம் மாறாது. அதனால்தான் மாதக்கணக்கில் எனக்கு எதுவும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: சத்தம். கொதி வரும் முன் முன்பு 'உஸ்' என்று இருந்தது, இப்போது படபடவென்று இருந்தது. படிவின் நுண்துளைகளுக்குள் நீர் புகுந்து அங்கேயே ஆவியாகி வெடித்து வெளியேறும் சத்தம் அது. கேட்டேன், பொருட்படுத்தவில்லை.

இரண்டாவது சந்தேகம்: உப்பு

சுரண்டிய வெள்ளைத் தூளில் ஒரு சொட்டு வினிகர் விட்டேன். நுரைத்தது. நுரைத்தால் கார்பனேட். கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடேறும்போது உடைந்து, கரியமில வாயு பறந்துபோய், கால்சியம் கார்பனேட்டாகப் படியும். சூடு எங்கே அதிகமோ அங்கே முதலில் படியும், அதாவது காயிலின் மேல்தான். நுரைக்காமல் இருந்திருந்தால் கால்சியம் சல்பேட் அல்லது சிலிக்கா என்று யோசித்திருப்பேன். சல்பேட்டுக்கு ஒரு வினோதக் குணம் உண்டு, வெந்நீரில் கரைதிறன் குறைந்துகொண்டே போகும். வினிகருக்கு அது மசியாது.

கருப்புத் தூளை ஒரு காந்தத்தில் ஒட்டிப் பார்த்தேன். ஒட்டவில்லை, ஆகவே காந்தத்தில் ஒட்டும் கருப்பு இரும்பு ஆக்சைடு இல்லை. கரண்டியில் வைத்துத் தீயில் காட்டினேன். கனன்று, குறைந்து, கொஞ்சம் வெள்ளைச் சாம்பலை மிச்சம் வைத்தது. எனவே கரி. இந்த மூன்று சோதனைக்கும் பத்து நிமிடம் போதும், வீட்டில் இருப்பதே போதும். எந்தத் திரவத்தை ஊற்றுவது என்று முடிவு செய்வதற்கு முன் இதைச் செய்யாதவர்கள் பெரும்பாலும் தவறானதைத்தான் ஊற்றுகிறார்கள். சோதனை செய்த நானே அதைத்தான் செய்தேன்.

வெள்ளை இருக்கிறது, அது கார்பனேட், எனவே எல்லாவற்றுக்கும் உப்பே காரணம் என்று முடிவுகட்டி சிட்ரிக் அமிலத்தை எடுத்தேன். தாராளமாகப் போட்டேன், சீக்கிரம் முடியட்டும் என்று கொதிக்கவும் விட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால் பானை முழுக்க மாவு கரைத்ததுபோல வெள்ளை. முதலில் படிவு கழன்று வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். உண்மையில் அது புதிதாக உருவான கால்சியம் சிட்ரேட். அது நீரில் லேசில் கரையாது, சூடு ஏற ஏற இன்னும் குறைவாகவே கரையும். கரைசலை அடர்த்தியாக்கிக் கொதிக்கவும் விட்டால், ஒரு படிவை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுகிறோம். லிட்டருக்கு 20 கிராம், 50 முதல் 60 டிகிரி சூடு, முக்கால் மணி, தேவையானால் பழையதைக் கொட்டிவிட்டுப் புதுக்கரைசல் என்பதுதான் சரியாக வந்தது. 10 கிராம் சுண்ணாம்பை, அதாவது கால்சியம் கார்பனேட் படிவை, கரைக்கக் கிட்டத்தட்ட 13 கிராம் சிட்ரிக் அமிலம் செலவாகும், அதற்குக் குறைவாகப் போட்டால் எவ்வளவு நேரம் வைத்தாலும் பயனில்லை.

வெள்ளை போயிற்று. கருப்பில் பாதி, அடியில் பிடிமானம் போனதால் தானாக உரிந்து விழுந்தது. மீதியை இரும்பு நார் வைத்துத் தேய்த்தேன். காயில் பளபளத்தது. அமில மிச்சம் போகட்டும் என்று அடுத்த மூன்று வாரமும் தண்ணீர் மட்டும் வடித்தேன். பிறகு ரோஜா போட்டேன். மறுபடியும் கரி.

அந்த 'மூன்று வாரம் தண்ணீர்' என்பதை நோட்டில் ஒரு வரியாகக் குறித்துவிட்டு மறந்துவிட்டேன். அதுதான் விடை. அப்போது எனக்கு அது வெறும் அலசல்.

மூன்றாவது சந்தேகம்: இதழ்

சுத்தமான காயிலிலும் கரி பிடிக்கிறது என்றால் இதழ்தான் காரணம் என்று நினைத்தேன். மெல்லிய வலைப்பையில் இதழைக் கட்டிப் போட்டேன். இந்த முறை கரி குறைவு, ஆனால் அது இருந்த இடம் ஆச்சரியமாக இருந்தது. காயிலின் இரண்டு கால்களிலும் மேல்பக்கத்தில் மட்டும், நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு, கோடு கிழித்ததுபோல இரண்டு கரிக்கோடுகள். கீழ்ப்பக்கத்தில் பழுப்பு மட்டும். வளைவில் கிட்டத்தட்ட எதுவும் இல்லை.

நீர் ஊறிக் கனத்த பை தொய்ந்து காயிலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் நீர் உள்ளே வர வழியில்லை, உருவான ஆவியும் உடனே வெளியேற வழியில்லை. அங்கே காயில் நீரைச் சூடாக்கவில்லை, துணியையும் இதழையும் ஆவிப்படலத்தையும் சூடாக்குகிறது. பாதி வழியில் வாடை தொடங்கியதற்கும் இது பொருந்தியது. முதலில் மிதக்கும் இதழ் நேரம் ஆக ஆக வதங்கிக் கீழே இறங்கும், நீர்மட்டமும் 12 லிட்டரிலிருந்து 9-க்குக் குறைந்துகொண்டே வரும்.

எனவே காயிலுக்கு மேலே 4 சென்டிமீட்டர் இடைவெளியில், மூன்று கால் வைத்த ஒரு துளைத்தட்டைப் பொருத்தினேன். பை தட்டின் மேல், காயில் அதன் கீழ். கோடுகள் மறைந்தன. ஆனால் காயில் முழுக்க ஒரு பழுப்பு, ஆங்காங்கே கருப்பு, இன்னும் இருந்தது. கடைசி பாட்டிலில் வாடையும் இருந்தது. லேசாகத்தான், ஆனால் அக்கா விட மாட்டாள்.

இதழ் தொடவே இல்லை, பிறகு எது கருகுகிறது? இதழிலிருந்து கரைந்து வந்த சர்க்கரையும் பெக்டினும். சரி, அவை இருக்கத்தான் செய்யும். ஆனால் கொதிக்கும் நீரில் கிடக்கும் உலோகத்தின் மேல் அவை ஏன் கருக வேண்டும்? இந்தக் கேள்வியில்தான் இரண்டு வாரம் நின்றுவிட்டேன்.

செதில்

இரும்பு நாரால் தேய்த்ததில் காயில் முழுக்கக் கீறல். கீறல்தான் கரியைப் பிடித்து வைக்கிறதோ என்று அதே அளவில் புதுக் காயில் ஒன்றை மாட்டினேன். (அந்தத் தேய்ப்பு தவறுதான், அதைச் சொல்லிவிடுகிறேன். சாதாரண இரும்பு நார் தன் துணுக்குகளை எஃகின் மேல் விட்டுவிட்டுப் போகும், அவை துருப்பிடிக்கும். கீறல்கள் அடுத்த படிவுக்கு நல்ல பிடிமானம்.) மாட்டிய அன்றே ரோஜா போட்டேன். ஆறு பாட்டிலும் சுத்தம். காயிலில் வெளிர்ப் பழுப்பு, ஈரத்துணியில் வந்துவிட்டது.

கீறல்தான் என்று முடிவு கட்டியாயிற்று. ஐந்து வாரம் வழக்கம்போல் தண்ணீர் வடித்தேன். பிறகு ரோஜா. கரி.

புதுக் காயில், ஒரு கீறல் கூட இல்லை, தட்டு இருக்கிறது, பை இருக்கிறது. முதல் தடவை இல்லாத கரி இரண்டாவது தடவை எங்கிருந்து வந்தது? இடையில் நடந்தது தண்ணீர் மட்டும்தானே. இதை வாய்விட்டுச் சொன்னபோதுதான் உறைத்தது. நோட்டைப் புரட்டினேன். 'மூன்று வாரம் தண்ணீர்' கண்ணில் பட்டது. தீப்பெட்டியைத் தேடி எடுத்து, செதிலை இரண்டாக உடைத்து, உடைந்த விளிம்பை உருப்பெருக்கியில் பார்த்தேன்.

கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் கனம். காயிலைத் தொட்டிருந்த பக்கம் வெள்ளை. அதன் மேல் ஒரு கருப்பு வரி. மறுபடி வெள்ளை, மறுபடி கருப்பு. வெட்டிய மரத்தில் வளையம் தெரிவது போல. கருப்பு வரிகள் நான்கைத் தெளிவாக எண்ண முடிந்தது, வெளிப்பக்கத்தில் இருந்தது ஐந்தாவதா, நான்காவதின் தடித்த பகுதியா என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்தச் செதிலை எடுத்த நாள்வரை நோட்டில் இருந்த பன்னீர் வடிப்புகள் ஐந்து. வெள்ளை என்றால் தண்ணீர் வாரங்கள், கருப்பு என்றால் ரோஜா நாள். வெளிப்பக்கம் போகப்போகக் கருப்பு தடித்திருந்தது.

உப்பா இதழா என்று நான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தவறு. சுண்ணாம்பு பாய் விரிக்கிறது, சர்க்கரை அதன் மேல் வந்து படுக்கிறது.

கணக்கு போட்டுப் பார்த்தால்

இதைச் சும்மா நம்பாமல் கணக்கில் சரிபார்க்க முடியும். காயில் குழாயின் விட்டம் 8 மில்லிமீட்டர், சூடாகும் நீளம் 56 சென்டிமீட்டர். மேற்பரப்பு சுமார் 141 சதுர சென்டிமீட்டர். 2000 வாட்டை அதால் வகுத்தால் சதுர சென்டிமீட்டருக்கு 14 வாட். தண்ணீர் காயில்களில் இது உயர்ந்த பக்கம். ஆனாலும் சுத்தமான உலோகத்தின் மேல் நீர் நன்றாகக் கொதிக்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. குமிழிகள் சூட்டை அத்தனை வேகமாக வாரிக்கொண்டு போகும், மேற்பரப்பு கொதிநிலையைவிடப் பத்துப் பதினைந்து டிகிரிதான் கூட இருக்கும். 115 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பிரக்டோஸ் 110 டிகிரியை ஒட்டியே நிறம் மாறத் தொடங்கும், சுக்ரோஸுக்கு 160 வேண்டும். ஆகவே சுத்தமான காயிலில் வெளிர்ப் பழுப்பு வரலாம், கரி வராது. புதுக் காயிலில் முதல் நாள் பார்த்தது இதையேதான்.

இப்போது சுண்ணாம்பு. எங்கள் குழாய்நீரின் கடினத்தன்மை சோதனைப் பட்டையில் லிட்டருக்கு சுமார் 280 மில்லிகிராம். அத்தனையும் படியக்கூடியதே என்று வைத்தால் 15 லிட்டரில் 4.2 கிராம். நான்கு வாரத் தண்ணீரும் ஒரு பன்னீரும் சேர்ந்தால் 20 கிராம். பாதி அடியில் வண்டலாகப் போய்விட்டது, பாதிதான் காயிலில் ஒட்டியது என்றாலும், கால்சைட்டின் (படிகமான கால்சியம் கார்பனேட்டின்) அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம் என்று எடுத்துக்கொண்டால் கால் மில்லிமீட்டர் கனம் வரும். நுண்துளை உள்ள சுண்ணாம்புப் படிவின் வெப்பக் கடத்துதிறனை மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஒரு வாட் என்ற அளவில் வைத்தால், கால் மில்லிமீட்டரைத் தாண்ட 36 டிகிரி வித்தியாசம் தேவை. ஒப்பிட, துருப்பிடிக்காத எஃகின் கடத்துதிறன் 16-ஐ ஒட்டி, தாமிரத்துடையது 400-ஐ ஒட்டி.

115-உடன் 36-ஐக் கூட்டினால் 150. அந்த முதல் மாதத்திலேயே சர்க்கரை கருகும் வாசலுக்கு வந்துவிட்டோம், ஆனால் மூக்குக்குத் தெரியும் அளவுக்கு இல்லை. எடுக்காமல் விட்டால் அடுத்த மாதம் அதன் மேல் இன்னொரு கால் மில்லிமீட்டர், நடுவில் கரி. அரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் உலோகத்தின் சூடு 190-ஐத் தொடும். படிவின் வெளிமுகம் மட்டும் நீரைத் தொட்டுக் குளிர்ந்திருக்கும், ஆனால் சொரசொரப்பான அந்தப் பாயின் துளைகளுக்குள் ஊறிப்போன சர்க்கரை நீர் உள்ளே ஆவியாகி, சர்க்கரையை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். அது குளிராது, கருகும். ஐந்தாவது வடிப்பு வரை அக்கா முகம் சுளிக்காததற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

செய்த மாற்றங்கள்

காரணம் பிடிபட்டதும் முதல் மாற்றம் வெட்கப்படும் அளவுக்கு எளிமையாக இருந்தது. பன்னீருக்குக் குழாய்நீர் ஊற்றுவதை நிறுத்தினேன். அதே வாலையில் வடித்த வாலைநீர் வீட்டில் கேன் கேனாக இருக்கிறது. சுண்ணாம்பை நீக்க ஒரு கருவி வைத்துக்கொண்டு, அதே கருவியில் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிப் பன்னீர் வடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ரோஜாவுக்கு முந்தைய நாள் சிட்ரிக் கரைசலில் காயிலைக் குளிப்பாட்டிவிடுவது இரண்டாவது மாற்றம். நான்கு வாரப் படிவை எடுக்க அரை மணிகூட ஆகாது, ஆறு மாதப் படிவோடு மல்லுக்கட்டுவது வேறு.

காரணம் தெரிந்த பிறகும் சதுர சென்டிமீட்டருக்கு 14 வாட் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நண்பர் தெர்மோஸ்டாட் போடச் சொன்னார். கொதிக்கும் நீர் 100 டிகிரியிலேயே நிற்கும், தெர்மோஸ்டாட்டுக்கு அங்கே எதை வைத்து அணைப்பது என்றே தெரியாது. அடுத்து சிம்மர்ஸ்டாட். அது அரை நிமிடம் ஓட்டி அரை நிமிடம் நிறுத்தும், சராசரி 1000 வாட். ஆனால் ஓடும் அரை நிமிடமும் காயில் முழு 2000 வாட்டில்தான் இருக்கிறது. சூடாக அதற்குச் சில விநாடிகளே போதும். கருகுவதற்குச் சராசரி எல்லாம் தெரியாது. மின்சாரத்தின் ஒவ்வொரு அலையையும் வெட்டிக் குறைக்கும் டிரையாக் ரெகுலேட்டர்தான் உண்மையிலேயே மேற்பரப்பின் சூட்டைக் குறைக்கும். அதை வைத்து 1000 வாட்டில் ஓட்டினேன். காயில் நன்றாக இருந்தது, ஆனால் பொறுமை போயிற்று. 2000 வாட்டில் மணிக்கு 2.7 லிட்டர் வடிந்த இடத்தில் இப்போது 1.2 லிட்டர். பாதி வாட்டுக்குப் பாதி வடிய வேண்டும் என்று நினைப்போம், ஆனால் பானையின் பக்கங்கள் வழியாகப் போகும் சூடு பாதியாவதில்லை.

கடைசியில் காயிலையே மாற்றினேன். அதே 2000 வாட், அதே 8 மில்லிமீட்டர் குழாய், ஆனால் பல மடிப்புகளாகச் சூடாகும் நீளம் 170 சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 4.7 வாட். அதே சுண்ணாம்பு படிந்தாலும் பரப்பு மூன்று மடங்கு என்பதால் கனம் மூன்றில் ஒன்று, அதன் வழியே போகும் சூடும் மூன்றில் ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 36 டிகிரி வித்தியாசம் 4 டிகிரியாகிறது. இத்தனை மாற்றங்களிலும் காசு கொடுத்து வாங்கியதற்கு முழுப் பலன் தந்தது இதுதான். ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்வேன்.

சுத்தம் செய்யும் வரிசையும் மாறிவிட்டது. கரி இருந்தால் முதலில் காரம், பிறகு அமிலம். அமிலம் கரியைக் கரைக்காது, கரி மூடியிருந்தால் அடியில் இருக்கும் சுண்ணாம்பை அமிலமும் எளிதில் எட்டாது. லிட்டருக்கு 10 கிராம் சோடியம் பெர்கார்பனேட், 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீர், ஒரு மணி நேரம், மூடியைத் திறந்தே வைத்து. அது ஆக்ஸிஜனை வெளிவிடும், அடைத்து வைக்கக் கூடாது. கரி இளகியதும் நன்றாக அலசிவிட்டு சிட்ரிக். தேய்க்க வேண்டி வந்தால் நைலான் பிரஷ், அவ்வளவுதான். பாத்திரத்தில் அலுமினியம் இருந்தால் காரம் பக்கமே போகக் கூடாது, உலோகத்தை அரித்து ஹைட்ரஜனை வெளியேற்றும். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிலர் சொல்வார்கள். சுண்ணாம்பு நொடியில் போகும், உண்மைதான். கூடவே குளோரைடு எஃகு உறையில் ஊசித்துளை போடும், துளை வழியே நீர் உள்ளிருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூளுக்குப் போய்ச் சேரும், அன்றைக்கு நிஜமாகவே காயில் போய்விடும். பிளீச்சிங் திரவத்தை அமிலத்தோடு சேர்த்தால் வருவது குளோரின் வாயு, அது உயிருக்கே ஆபத்து. இவை எல்லாமே பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யும் வேலை. கரைசலைக் காயிலாலேயே சூடாக்கினால் சூடு வந்ததும் கழற்றிவிட்டுத்தான் கையை விட வேண்டும். கசிவு கண்டால் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத இணைப்பில் இந்த வாலையை நான் செருகுவதே இல்லை.

அதற்குப் பிறகு

புதிய ஏற்பாட்டில் ஏழு பன்னீர் வடிப்புகள் ஆயின. முதல் ஆறு வடிப்புகளில் ஒரு பாட்டில் கூட வீணாகவில்லை. ஏழாவதில் ஐந்தாம் பாட்டிலை முகர்ந்த அக்கா, "மறுபடியும் வந்துடுச்சு" என்றாள்.

திறந்து பார்த்தேன். வலைப்பையின் தையல் ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது. ஒரே ஒரு இதழ் நழுவி, தட்டின் ஓரத்து இடைவெளி வழியே இறங்கி, இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் சிக்கிக் கருகியிருந்தது. நகத்தளவு கரி, மற்ற இடமெல்லாம் சுத்தம். ஈரத்துணியால் ஒரு இழு இழுத்தேன், அப்படியே வந்துவிட்டது. அடியில் வெள்ளை ஏதும் இல்லை, எஃகு மட்டும் பளிச்சென்று இருந்தது. பையைத் தைத்துவிட்டு அடுத்த நாளே மறுபடி வடித்தோம்.